களமும் மனையும்: போர்ப் படங்கள் நினைவில் நிற்பதன் காரணம்

படையினரின் களவாழ்வையோ, போரினால் நிலைகுலையும் குடிமக்களின் துயரத்தையோ, போருக்குச் சென்றவரை எதிர்நோக்கியிருக்கும் குடும்பத்தின் தவிப்பையோ மையமாகக் கொண்டு எடுக்கப்படும் திரைப்படங்களைப் போர்ப் படங்கள் என்று வகைப்படுத்துவது வழக்கம். வெடிகளும் பீரங்கிகளும் பெரும் பொருட்செலவும் இவ்வகைப் படங்களுக்கு முதல் வாரத்தில் கூட்டத்தைச் சேர்த்துத் தரலாமேயன்றி, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு படம் பேசப்படுவதற்கு அவை போதுமானவையாக இருந்ததில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உலகின் பிற பகுதிகளிலும் மக்கள் மறவாத போர்ப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, களத்தையும் மனையையும் ஒருசேரக் காட்டிய படங்களே காலத்தைத் தாண்டி நின்றிருக்கின்றன என்பது புலப்படும்.

இதனை ஆராய்வதற்குப் பெங்களூரு மிகப் பொருத்தமான நகரம். 1809இல் ஆங்கிலேயர் இங்கு அமைத்த கண்டோன்மென்ட், அதாவது படையினர் தங்கும் தனிக் குடியிருப்பு, நகரின் ஒரு பாதியையே உருவாக்கியது. 1780இல் சென்னை மாகாணத்தில் தோன்றி, பின்னர் தலைமையிடத்தைப் பெங்களூருக்கு மாற்றிக்கொண்ட மெட்ராஸ் சாப்பர்கள் என்னும் பொறியியல் படைப்பிரிவு இன்றும் அல்சூர் ஏரிக்கரையில் இயங்கிவருகிறது. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் முதலியவற்றைக் களத்தில் செய்பவர்களே சாப்பர்கள். இப்பிரிவின் வீரர்களைத் ‘தம்பி’ என்றழைக்கும் மரபு படை வட்டாரத்தில் நெடுங்காலமாக உண்டு. 1940இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும் இந்நகரிலேயே உள்ளது. திரையில் காணும் சீருடையையும் விமானத்தையும் தம் வீட்டாரின் பணியாகவே அறிந்த பார்வையாளர்கள் நிறைந்த ஊர் என்பதால், பெங்களூரில் போர்ப் படம் வெறும் கற்பனைக் கதையாக மட்டும் பார்க்கப்படுவதில்லை.

கொடகு தந்த கதைகள்

கன்னடத்தில் போர்ப் படம் என்றவுடன் பலரும் முதலில் குறிப்பிடுவது, எஸ்.வி. ராஜேந்திர சிங் பாபு இயக்கி 1990இல் வெளியான ‘முத்தின ஹார’ என்னும் படமாகும். முத்துமாலை என்று பொருள்படும் இத்தலைப்பைக் கொண்ட படத்தில் கொடகு நாட்டுப் படைவீரர் அச்சப்பாவாக விஷ்ணுவர்தனும், செவிலியான அன்னபூரணாவாகத் தமிழ் ரசிகர்கள் நன்கறிந்த சுஹாசினியும் நடித்தனர். சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற இது ஒரு போரின் கதையாக நில்லாமல், ஒரு வீரரின் இல்லறமே அடுத்தடுத்த போர்களால் சிதைவதைக் காலவரிசையில் சொல்கிறது. ஹம்சலேகாவின் இசையில் எம். பாலமுரளி கிருஷ்ணாவும் கே.எஸ். சித்ராவும் பாடிய பாடல் இன்றும் மேடைகளில் ஒலிப்பதும், அது துப்பாக்கியைப் பற்றியதாக இல்லாமல் கணவன் மனைவி அன்பைப் பற்றியதாக இருப்பதும் கருதத்தக்கவை.

கொடகைக் கதைக்களமாகக் கொண்டது இப்படத்தின் வலிமைகளுள் ஒன்று. சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியப் படைத்தலைவரான கரியப்பாவும், பின்னர் தரைப்படைத் தலைவரான திம்மையாவும் பிறந்த அம்மலைநாட்டில் படைப்பணி பல குடும்பங்களில் தலைமுறைத் தொழிலாகவே வந்திருப்பதால், அச்சப்பாவின் முடிவுகளுக்கு அவ்வூரின் பழக்கவழக்கங்களே காரணம் சொல்லிவிடுகின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு 2025இல் வெளிவந்த ‘ஸ்கை ஃபோர்ஸ்’ என்னும் இந்திப் படம் உதவும். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தின் மீது நடந்த தாக்குதலில், தம்முடையதைவிட வேகமான ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை எதிர்த்து வீழ்த்தி உயிர்நீத்தவர் கொடகைச் சேர்ந்த விமானப்படை அதிகாரி அஜ்ஜமாட தேவையா. அவருக்கு மகாவீர் சக்ரா விருது 1988இல்தான் வழங்கப்பட்டது. அவருடைய செயலைத் தழுவிய அப்படத்தில் வான்காட்சிகள் விரிவாக அமைந்திருந்தும், நாயகனுக்குக் கற்பனைப் பெயர் சூட்டப்பட்டதால், அவரை ஈன்ற மண்ணுக்கும் கதைக்கும் இடையிலான பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. குறிப்பிட்ட ஊரும் குறிப்பிட்ட படைப்பிரிவும் குறிப்பிட்ட குடும்பமும் திரையில் துலங்கும்போதே வீரம் நம்பத்தக்கதாகிறது.

தமிழ்த் திரையில் போர்

தமிழில் இவ்வகைப் படங்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே தோன்றிவிட்டன. கச்சா ஃபிலிம் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்ட அந்நாளில், போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்கும்படி ஆங்கிலேய அரசு தயாரிப்பாளர்களைத் தூண்டியது. அதன் விளைவாக 1945இல் கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் ‘பர்மா ராணி’ ஆகியவை வெளிவந்தன. ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானிகளின் கதையான ‘பர்மா ராணி’யில் கன்னட நாட்டவரான ஹொன்னப்ப பாகவதர் நடித்தார். அரசின் தேவைக்காகப் பிறந்த இப்படங்கள் அத்தேவை தீர்ந்ததும் பொதுமக்களின் நினைவிலிருந்து மங்கி, இன்று பெரும்பாலும் திரை வரலாற்று ஆய்வாளர்களின் கவனத்துக்கு மட்டுமே உரியவையாகிவிட்டன.

அதே போரைப் பின்னணியாகக் கொண்டு 1954இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ இதற்கு நேர்மாறான இடத்தைப் பெற்றது. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாளில் கதை நிகழ்கிறது. நாட்டின் இரகசியங்களை எதிரிக்கு விற்ற வானொலிப் பொறியாளர் ராஜன் கொல்லப்பட்டுக் கிடக்க, கொன்றவர் யார் என்ற விசாரணை பலருடைய வாக்குமூலங்களின் வழியே நகர்கிறது. பாடல் ஒன்றுகூட இல்லாத இப்படத்தில் சிவாஜி கணேசன் துரோகியாகவும், கர்நாடகத்தின் பண்டரிபாய் அவருடைய மனைவி உஷாவாகவும் நடித்தனர். மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியே ராஜனின் உயிரைப் பறித்தது என்று இறுதியில் வெளிப்படும்போது, ஒரு போர்க்களக் காட்சியும் இல்லாமலேயே போர் சென்னை வீடொன்றின் கூடத்துக்குள் நுழைந்து கணவனையும் மனைவியையும் எதிரெதிர் அணிகளில் நிறுத்திவிட்டது தெளிவாகிறது. தமிழில் வெளிவந்த மிகக் கூர்மையான போர்ப் படம் எது என்று கேட்டால், இப்படத்தைச் சுட்டுவதற்குப் போதிய நியாயம் உண்டு.

1962இல் நடந்த சீனப் போரை அடுத்து, கண்ணதாசன் தயாரிப்பில் 1963இல் வெளியான ‘இரத்தத் திலகம்’ வேறொரு வகையில் பாடம் புகட்டுகிறது. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த இப்படத்தின் போர்க்காட்சிகளை இன்று நினைவுகூர்பவர் குறைவு. ஆனால் அதில் இடம்பெற்ற கல்லூரிப் பிரிவுப் பாடல் தமிழ்நாட்டுக் கல்லூரி விழாக்களில் தலைமுறைகளைக் கடந்து ஒலித்துவருகிறது. இந்தியிலும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. அதே சீனப் போரைப் பற்றிச் சேத்தன் ஆனந்த் 1964இல் எடுத்த ‘ஹகீகத்’ படத்தில், தோல்வியில் தனித்துவிடப்பட்ட வீரர்கள் தத்தம் வீட்டாரை எண்ணிப் பாடும் பாடலும், ஜே.பி. தத்தா 1997இல் எடுத்த ‘பார்டர்’ படத்தில் ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் பற்றிய பாடலும் அப்படங்களின் அடையாளங்களாகிவிட்டன.

சங்க மரபும் இன்றைய படமும்

களத்தையும் மனையையும் அடுத்தடுத்துக் காட்டும் இந்த அமைப்பு திரைப்படத்துடன் பிறந்ததாகத் தெரியவில்லை. போர்மேற் சென்ற தலைவனை எண்ணித் தலைவி ஆற்றியிருப்பதை முல்லைத் திணை என்று வகுத்த தமிழ் மரபில், நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளுக்குள் அரண்மனையில் காத்திருக்கும் தலைவியையும், பாசறையில், அதாவது போர்க்காலப் படைவீட்டில், புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் எண்ணி உறக்கமின்றிக் கிடக்கும் அரசனையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. நக்கீரரின் நெடுநல்வாடையிலும் ஒருபுறம் பிரிவால் வாடும் அரசியும், மறுபுறம் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் காயமுற்ற வீரர்களைச் சென்று காணும் அரசனும் இடம்பெறுகின்றனர். இடம்விட்டு இடம் தாவும் இக்காட்சி மாற்றத்தையே இன்றைய படத்தொகுப்பாளர்கள் இணைக்காட்சி முறை என்ற உத்தியாகப் பயன்படுத்துகின்றனர்.

2024 தீபாவளிக்கு வெளிவந்த ராஜ்குமார் பெரியசாமியின் ‘அமரன்’ இம்மரபின் அண்மைக் கண்ணி எனலாம். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிரிழந்து, அமைதிக் கால வீரத்துக்கான உயரிய விருதாகிய அசோக சக்ராவைப் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வை, அவருடைய மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸின் பார்வையிலிருந்து சொல்வதென்று இயக்குநர் எடுத்த முடிவே படத்தின் தன்மையை நிர்ணயித்தது. சிவகார்த்திகேயனின் களக்காட்சிகளுக்கு இணையாகச் சாய் பல்லவியின் காத்திருப்புக் காட்சிகளும் பேசப்பட்டதற்கு அதுவே காரணம்.

பெங்களூரில் வளர்ந்து, ஃபிராங்க் ஆண்டனி பள்ளியில் பயின்ற மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் 2008 நவம்பர் 28 அன்று மும்பை தாஜ் விடுதியில் பிணைக்கைதிகளை மீட்கும் பணியில் உயிர்நீத்தார். எலகங்கா பகுதியின் சாலையொன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. சசி கிரண் திக்கா இயக்கி, 2022இல் தெலுங்கிலும் இந்தியிலும் உருவான ‘மேஜர்’ அவருடைய கதையைச் சொல்கிறது. அதிவி சேஷ் நாயகனாக நடித்த அப்படத்தில் பெற்றோராகப் பிரகாஷ்ராஜும் ரேவதியும் தோன்றும் பகுதிகளே, தாக்குதல் காட்சிகளின் பரபரப்பு அடங்கிய பின்னும் பார்வையாளரைவிட்டு அகலாதவை.

ஒலியும் உண்மையும்

மனையைக் காட்டிவிட்டால் மட்டும் நல்ல படம் அமைந்துவிடாது; கண்ணீரை வரவழைப்பதற்காகவே தாயையும் மனைவியையும் இடையிடையே செருகும் படங்களும் ஏராளம். களத்தைக் காட்டும்போது அதன் அச்சத்தை மறைக்காதிருப்பது அடுத்த தகுதி. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரையன்’ (1998) படத்தின் தொடக்கத்தில், நார்மண்டிக் கடற்கரையில் படையினர் இறங்கும் நெடிய காட்சியில் குண்டுவெடிப்புக்குப் பின் நாயகனின் செவி அடைத்து, சுற்றிலும் உள்ள ஓசை முழுவதும் மங்கிப்போகும் அக்கணமே போரின் குழப்பத்தைப் பார்ப்பவருக்கும் கடத்துகிறது. கிரிகோரி சுக்ராய் இயக்கிய ‘பேலட் ஆஃப் எ சோல்ஜர்’ (1959) என்னும் சோவியத் படம் இன்னும் சிக்கனமானது: விடுப்புப் பெற்றுத் தாயைக் காணப் புறப்பட்ட இளம் வீரன், வழியில் கண்டவர்க்கெல்லாம் உதவிக்கொண்டே சென்று, இறுதியில் சில நிமிடங்களே அவளுடன் இருந்து திரும்பிவிடுகிறான். அவன் போரிலிருந்து மீளமாட்டான் என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால், ஒவ்வொரு தாமதமும் பார்வையாளரை வருத்துகிறது.

இலங்கையின் பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த ‘புர ஹந்த களுவர’ என்னும் சிங்களப் படம் மேலும் ஒருபடி சென்று, உள்நாட்டுப் போரை நடத்தும் அரசையே வினவியது. முத்திரையிட்ட சவப்பெட்டியில் மகன் வந்துவிட்டதாகச் சொல்லப்படுவதை நம்ப மறுக்கும் பார்வையற்ற தந்தை, கடைசியில் அப்பெட்டியைத் தோண்டியெடுக்கிறார். உள்ளே மகனின் உடல் இல்லை. அரசு இப்படத்துக்கு விதித்த தடை உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் நீங்கியது. அதே போரை ஒரு சிறுமியின் தாய்த்தேடலாகக் காட்டிய மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஆறு தேசிய விருதுகளைப் பெற்றது. ஒரே போரைச் சிங்களக் கிழவரின் பக்கமிருந்தும் தமிழ்ச் சிறுமியின் பக்கமிருந்தும் பார்க்கும் இவ்விரு படங்களிலும் எதிரியின் முகம் பெரிதாகத் தெரிவதில்லை, இழப்பே தெரிகிறது.

திரைக்கு வெளியே நிற்பவர்கள்

புகழ்பெற்ற படங்களிடமும் கேட்கவேண்டிய ஒரு கேள்வி எஞ்சுகிறது: யார் விடுபட்டனர்? டேவிட் லீன் இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கி, ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்ற ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957), ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதையைப் பின்னணியாகக் கொண்டது. சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்ட பிரிட்டிஷ் கைதிகளின் அவலத்தைப் படம் உலகறியச் செய்தது; ஆனால் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, காலராவாலும் பட்டினியாலும் மடிந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அதில் இடமில்லை. அவர்களுடைய துயரை மலேசியத் தமிழ் எழுத்தாளர்களின் நாவல்களே தாங்கி நிற்கின்றன.

அல்சூர்ப் படைப்பிரிவின் வரலாற்றிலும் திரையை எதிர்நோக்கும் வாழ்வுகள் உண்டு. காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த மெட்ராஸ் சாப்பரான சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடியொன்று வெடிக்கவிருந்த நொடியில் அதன்மேல் விழுந்து தம் தோழர்களைக் காத்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அவருடைய கதையைப் படமாக்க முன்வரும் தமிழ்க் கன்னட இயக்குநர்கள், இத்தாலியின் குண்டுவெடிப்பைக் காட்டுவதில் செலவிடும் அக்கறைக்குக் குறையாமல், அவர் புறப்பட்டுச் சென்ற ஊரையும் வீட்டையும் தேடிச்சென்று அறிந்து எழுதுவார்களானால், அப்படம் மறக்கப்படாது.