மந்தையை மடக்கும் நாய்கள்

மாசி, பங்குனி மாதங்களில் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் வழியில் போயிருக்கிறீர்களா? கம்பும் சோளமும் உளுந்தும் அறுவடையாகிவிட்ட கரிசல் காடுகளில் ஆட்டுக் கிடைகளைக் காணலாம். வெள்ளை உடலில் செந்நிறத் திட்டுகள் கொண்ட வேம்பூர் ஆடுகள் பரவி மேய்ந்துகொண்டிருக்கும். தோளில் துரட்டியோடு ஓரிருவர் உடன் நடப்பார்கள். கிடை நாயும் அங்கேதான் எங்காவது வேலமர நிழலில் படுத்திருக்கும். ஆடுகளை ஓட்டுவது மனிதர்தான், நாய் அன்று.

உலகின் வேறு சில நாடுகளில் நிலைமை வேறு. அங்கே மந்தையைச் சேர்ப்பது, ஓட்டுவது, பட்டியில் அடைப்பது எல்லாமே நாயின் வேலை. அந்த வேலைக்குப் போட்டி உண்டு. சாம்பியன் பட்டமும் உண்டு. அப்படியானால் நம் கரிசல் நாய்களுக்கு ஏன் அது வரவில்லை? அவற்றுக்கு அறிவு போதாதா? விடை காண, முதலில் அந்தப் போட்டி மைதானத்திற்குப் போய் வருவோம்.

போட்டி எப்படி நடக்கிறது?

1873-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வேல்ஸ் நாட்டில் பாலா என்ற ஊரில் மேய்ப்பு நாய்ப் போட்டி ஒன்று நடந்தது. பிரிட்டனில் முறையாக நடந்த முதல் போட்டியாக இதைக் கருதுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் ‘ட்வீட்’ என்ற நாய் வென்றது. பின்னர் 1906-இல் சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் தோன்றியது. அதன் விதிப்படி ஒரு நாய்க்கு மொத்தம் 100 மதிப்பெண்.

மேய்ப்பர் ஒரு கம்பத்தருகே நிற்கிறார். சுமார் 300, 400 மீட்டர் தொலைவில் ஐந்து செம்மறிகள் மேய்கின்றன. நாய் நேராக அவற்றை நோக்கி ஓடக்கூடாது. பேரிக்காயின் ஒரு பக்க விளிம்பைப் போல வளைந்து சென்று, ஆடுகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இதற்கு 20 மதிப்பெண். அங்கிருந்து ஆடுகளைக் கலவரப்படுத்தாமல் நகரச் செய்தால் 10. இரண்டு தட்டிகளின் இடைவெளி வழியாக நேர்கோட்டில் மேய்ப்பரிடம் கொண்டுவந்தால் 20. பிறகு அவரிடமிருந்து விலக்கி, முக்கோணப் பாதையில் ஓட்டிச் சென்றால் 30. மந்தையிலிருந்து குறிப்பிட்ட ஆட்டைப் பிரித்தால் 10. பட்டியில் அடைத்தால் 10. கூட்டிப் பாருங்கள், 100 வருகிறதல்லவா?

மேய்ப்பர் சீழ்க்கையாலும் சில சொற்களாலும் கட்டளையிடுவார். ‘கம் பை’ என்றால் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றி வா. ‘அவே’ என்றால் எதிர்த்திசை. ஆனால் எந்தக் கணத்தில் எவ்வளவு நெருங்குவது என்பதைப் பெரும்பாலும் நாயே கணிக்கிறது. நடுவர்கள் வேகத்துக்குப் பரிசு தருவதில்லை. ஆடுகள் அமைதியாக நடந்தனவா என்றே பார்க்கிறார்கள். தேவையின்றி ஆட்டைக் கடித்த நாய் போட்டியிலிருந்தே விலக்கப்படும்.

மாடுகளை ஓட்டும் போட்டிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இவை பெயர் பெற்றவை. 300, 400 கிலோ எடையுள்ள மாடு, 20 கிலோ நாயைக் கண்டு எளிதில் அஞ்சிவிடாது. திரும்பி நின்று முட்ட வரும். ஆகவே மாட்டுப் போட்டிகளில், நகர மறுக்கும் மாட்டின் குளம்புக்குச் சற்று மேலே நாய் ஒரு நொடி கவ்வி விடுவதற்கு அனுமதி உண்டு. தேர்ந்த நாய், மாடு பாரத்தை ஊன்றியிருக்கும் காலையே கவ்வும். அந்தக் காலால் உடனே உதைக்க முடியாதே! கவ்விய மறுகணம் நாய் தரையோடு படுத்துவிடும். பிறகு வரும் உதை தலைக்கு மேலே போய்விடும். ஆஸ்திரேலிய மாட்டு நாயை 19-ஆம் நூற்றாண்டில் இந்த வேலைக்கென்றே உருவாக்கினார்கள். மேய்ப்பு நாயுடன் டிங்கோ என்ற காட்டு நாயைக் கலந்து பிறந்த இனம் இது.

விலகல் வட்டம்

நாய் தொடாமலே ஆடு நகர்கிறதே, எப்படி? ஒவ்வொரு மேய்ச்சல் விலங்கைச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. அதற்கு வெளியே நீங்கள் நின்றால் விலங்கு உங்களைப் பார்க்கும், ஆனால் நகராது. வட்டத்திற்குள் கால் வைத்தால் விலகிச் செல்லும். இதை ‘விலகல் வட்டம்’ என்று சொல்லலாம். பழகிய பசுவுக்கு இந்த வட்டம் ஏறக்குறைய இல்லை. மிரண்ட மாட்டுக்குப் பல மீட்டர் அகலம் இருக்கும்.

எந்தத் திசையில் விலகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மாட்டின் தோள் வழியாக ஒரு கோடு கிழித்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னாலிருந்து நீங்கள் நெருங்கினால் மாடு முன்னே போகும். கோட்டுக்கு முன்னாலிருந்து நெருங்கினால் பின்வாங்கும் அல்லது திரும்பும். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஆடும் மாடும் ஏறத்தாழ 300 டிகிரி வரை பார்க்கின்றன. நேர் பின்புறம் மட்டும் தெரியாது. அதனால்தான் நாய் நேர் பின்னால் ஒட்டி நிற்காமல் இடமும் வலமுமாக மாறி மாறி வந்து, தான் இருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. வண்டி மாட்டை ஓட்டும் நம் ஊர்ப் பெரியவருக்கு இந்தக் கணக்கு ஏட்டில் படிக்காமலே தெரியும்!

சிதறாமல் சேர்வது ஏன்?

நாயைக் கண்டதும் ஆடுகள் ஆளுக்கொரு பக்கம் ஓடினால் எந்த நாயாலும் மேய்க்க முடியாது. ஆனால் அவை ஒன்றோடொன்று நெருங்குகின்றன. இதற்கான காரணத்தை 1971-இல் பிரிட்டிஷ் உயிரியல் அறிஞர் ஹாமில்டன் விளக்கினார். கூட்டத்தின் ஓரத்தில் இருப்பதைத்தான் ஓநாய் முதலில் பிடிக்கும். எனவே ஒவ்வோர் ஆடும் தன் உயிரைக் காத்துக்கொள்ள நடுவே புக முயல்கிறது. எல்லா ஆடுகளும் இப்படிச் செய்ய, மந்தை இறுகுகிறது. இதற்கு அவர் ‘சுயநல மந்தை’ என்று பெயரிட்டார். ஆடுகளின் முதுகிலும் நாயின் முதுகிலும் ஜி.பி.எஸ். கருவிகளைக் கட்டி ஆராய்ந்தவர்கள், நாய் நெருங்கும்போது ஆடுகள் மந்தையின் மையத்தை நோக்கியே நகர்வதை 2012-இல் உறுதி செய்தார்கள்.

2014-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நாயின் வேலையை இரண்டே விதிகளில் அடக்கிக் காட்டியது. மந்தை சிதறியிருந்தால், விலகி நிற்கும் ஆட்டுக்குப் பின்னால் போய் அதைச் சேர். மந்தை சேர்ந்திருந்தால், பின்னால் நின்று செல்ல வேண்டிய திசைக்கு ஓட்டு. இந்த இரண்டு விதிகளை மட்டும் வைத்துக் கணிப்பொறியில் செய்து பார்த்தபோது, ஒரே ‘நாய்’ நூற்றுக்கும் மேற்பட்ட ‘ஆடுகளை’ ஓட்டிச் சென்றது.

ஓநாய் தந்த சங்கிலி

இந்தத் திறமை நாய்க்கு எங்கிருந்து வந்தது? நாயின் மூதாதை ஓநாய். குறைந்தது 15,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவகை ஓநாய்களின் வழித்தோன்றல்கள் மனிதனோடு வாழத் தொடங்கிவிட்டன. ஓநாயின் வேட்டை ஒரு சங்கிலி போன்றது. இரையைக் கண்டறிதல், உற்று நோக்குதல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என ஒரு கண்ணி அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டு வரும். மனிதன் தலைமுறை தலைமுறையாக நாய்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தபோது, அறியாமலே இந்தச் சங்கிலியை வெவ்வேறு இடங்களில் வெட்டினான். இதை விரிவாக எழுதியவர் அமெரிக்க உயிரியல் அறிஞர் ரேமண்ட் காப்பிங்கர்.

பார்டர் கோலி என்னும் மேய்ப்பு நாயில் உற்று நோக்குவதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகுந்திருக்கின்றன. கவ்வுதலும் கொல்லுதலும் அடங்கிவிட்டன. தலையைத் தாழ்த்திக் கண் கொட்டாமல் அது பார்க்கும் பார்வை, ஓநாயின் பார்வையேதான். மாட்டு நாயில் கவ்வுதல் கொஞ்சம் எஞ்சியிருக்கிறது. அதனால் குளம்பருகே கவ்வுகிறது. ஆக, போட்டி மைதானத்தில் நாம் காண்பது பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு வேட்டை! 2022-இல் 4,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, மேய்ப்பு நாய்களில் மூளை நரம்பிழைகள் வளரும் பாதையை நெறிப்படுத்தும் மரபணுக்களில் தனி மாறுபாடுகள் தென்பட்டன. பயிற்சி மட்டும் போதாது, பிறவியும் வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

நம் கரிசல் நாய்கள்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கோவில்பட்டியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்து ஊர். அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய நாயினம் உலகறிந்தது. கறுப்பு உடலில் பழுப்புத் தடம் உள்ள அதன் நெருங்கிய உறவைக் ‘கன்னி’ என்பார்கள். நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, வில்லாய் வளையும் முதுகு! முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். மரமில்லாத கரிசல் வெளியில் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்க அமைந்த உடல் இது. இந்த நாயில் துரத்துதலும் கவ்வுதலும் வலுத்திருக்கின்றன. நின்று பதுங்கும் கண்ணி குறைந்துவிட்டது. இதனிடம் மந்தையை ஒப்படைத்தால் ஆடுகள் சேரா, சிதறும். (முயல் வேட்டை இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.)

கிடை நாயின் கதை வேறு. அது குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்கிறது. அதற்கு ஆடு இரையன்று, தன் கூட்டத்தில் ஒன்று. இரவில் ஆடுகளை எருவுக்காகப் புஞ்சையில் கிடை மறித்திருக்கும்போது, நரியோ திருடனோ வந்தால் குரைத்து எழுப்புவதே அதன் பணி. உலகில் காவல் நாய்கள் எல்லாம் இந்த வகைதான். 2005-இல் நம் அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையம் ஒன்று. இமாலய மேய்ப்பு நாய் இன்னொன்று. பெயர்தான் மேய்ப்பு நாய்! அது செய்வது சிறுத்தையிடமிருந்து மந்தையைக் காக்கும் காவல்.

பிரிட்டனில் ஏன் ஓட்டும் நாய் உருவாயிற்று? அங்கே 18-ஆம் நூற்றாண்டுக்குள் ஓநாய் அற்றுப்போயிற்று. காவல் தேவையில்லை. ஆடுகளைக் குன்றுகளில் விட்டுவிட்டு வீட்டிற்குப் போய்விடலாம். ஆனால் மயிர் கத்தரிக்கும் நாளில், மைல் கணக்கில் சிதறிய ஆடுகளைத் தனி ஆளாகச் சேர்க்க முடியாது, நாய் வேண்டும். கரிசலிலோ வேலியில்லாத புஞ்சைகள். ஒருவர் பயிரை அடுத்தவர் ஆடு மேய்ந்தால் வழக்கு! ஆகவே மேய்ப்பவர் பகல் முழுதும் ஆட்டோடு நடந்தே ஆக வேண்டும். அவர் குரலும் கம்புமே மந்தையை மடக்கப் போதும். தேவைப்பட்டது இரவுக் காவல். அதை நாய் செய்தது. எந்த நாய்க்கும் அறிவு குறைவில்லை. நிலமும் தொழிலும் கேட்டதை அது கற்றது.

சங்கிலி அறுபடாவிட்டால்

இந்த அறிவு வெறும் வேடிக்கைக்கன்று. 2024, 2025-ஆம் ஆண்டுகளில் திருப்பூர் மாவட்டம் காங்கயம் பகுதியில், பட்டிகளில் புகுந்த தெருநாய்கள் ஏராளமான ஆடுகளைக் கடித்துக் கொன்றன. இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடினார்கள். எவராலும் வளர்க்கப்படாத, கூட்டமாகத் திரியும் நாய்களில் வேட்டைச் சங்கிலி மீண்டும் முழுமையாகக் கோத்துக்கொள்கிறது. அடைபட்ட ஆட்டுக்கு விலக இடமில்லை. ஓடி ஒதுங்க முடியாதது துடிக்கத் துடிக்கச் சாகிறது. நாயைப் பெற்று வளர்த்துத் தெருவில் விடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. படத்தில் பார்த்த ஆசையில் பார்டர் கோலியை வாங்கி மாடி வீட்டில் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். சிப்பிப்பாறையை வாங்கி நாள் முழுதும் சங்கிலியில் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஓட்ட மந்தையில்லாத முதல் நாய், சைக்கிளையும் குழந்தைகளையும் ‘மேய்க்க’த் தொடங்கும். ஓட வெளியில்லாத இரண்டாவது நாய், கையில் அகப்பட்டதைக் கடித்துக் குதறும். குற்றம் நாயினுடையதன்று. அது பிறந்த வேலையை நாம் பறித்துவிட்டோம்.

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் மேயும் பசு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, அவர் உடனிருக்கச் செய்யுங்கள். கன்றுள்ள பசுவும் காளையும் வேண்டாம். பக்கவாட்டில் மெதுவாக நெருங்குங்கள். பசு மேய்வதை நிறுத்தித் தலை தூக்கும் இடத்தையும், முதல் அடி எடுத்து விலகும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் காலடிகளால் அளந்து எழுதுங்கள். பிறகு தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு முறையும், முன்னாலிருந்து ஒரு முறையும் நெருங்கி, எந்தப் பக்கம் விலகுகிறது என்று பாருங்கள். நீங்கள் அறிந்த பசு, அறியாத பசு, செம்மறி, வெள்ளாடு என்று நான்கிலும் செய்து அட்டவணை போடுங்கள். எதன் வட்டம் பெரிது? ஏன்? காரணத்தை நீங்களே யோசித்து எழுதுங்கள்.