தோம்பில் ஏறிய பிள்ளைகள்

சிதம்பரத்தில் ஞானப்பிரகாசர் குளம் என்றொரு குளம் உண்டு. அதை வெட்டுவித்தவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்த ஞானப்பிரகாசர். போர்த்துக்கீசர் ஆட்சியில் அதிகாரியின் சமையலுக்கு முறைவைத்து வீட்டுக்கொரு பசு கேட்டார்களாம். தன் முறை வருமுன் அவர் இரவோடு இரவாகக் கடல் தாண்டித் தில்லைக்கு வந்துவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஊரிலேயே இருந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். விரத நாளில் சாப்பிட்ட வாழை இலையை அதிகாரிகள் கண்ணில் படாதபடி சுருட்டிக் கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்வார்கள்.

பெரியவர்கள் ஓடலாம், ஒளிக்கலாம். பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஊருக்கு ஒரு தேவாலயம், அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டம். ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் ‘தோம்பு’ எனப்பட்ட பள்ளிப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். தோம்பில் பெயர் இல்லாதவருடைய திருமணம் சட்டப்படி செல்லாது, சொத்துரிமையும் சிக்கலாகும். எனவே வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடும் குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தேவாலயத்துக்கு அனுப்பியது. பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் நெட்டுருப் போட்டு ஒப்பித்தார்கள். 1658 முதல் 1665 வரை அங்கே இருந்த பால்டேயஸ் பாதிரியார் இந்தத் திருச்சபைகளைப் பற்றி விரிவாக எழுதி, 1672இல் நூலாகவே வெளியிட்டார்.

இவ்வளவு கட்டாயத்துக்கும் என்ன பலன்? 1796க்குள் இலங்கையின் ஒல்லாந்தப் பகுதிகள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. தண்டம் போயிற்று, அதோடு தேவாலயக் கூட்டமும் கலைந்தது. 1806இல் யாழ்ப்பாணம் வந்த கிளாடியஸ் புக்கானன் பாதிரியார் அங்கே கண்ட புராட்டஸ்டண்ட் போதகர், தரங்கம்பாடியிலிருந்து வந்திருந்த தமிழர் கிறிஸ்தியான் டேவிட் ஒருவரே. பத்து ஆண்டுகள் கழித்து வந்த அமெரிக்க மிஷனரிகளுக்குத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கூரையில்லாத பழைய தேவாலயச் சுவர்களே கிடைத்தன. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு எடுக்கப்பட்ட வருகைப் பதிவு ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை.

அமெரிக்கரிடம் சட்டத்தின் பிரம்பு இல்லை. சோறும் துணியும் ஆங்கிலமும் இருந்தன. வட்டுக்கோட்டை செமினரி 1823இலும் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளி 1824இலும் தொடங்கின. படிப்பும் சாப்பாடும் இலவசம். காலை மாலை ஜெபமும் ஞாயிறு ஆராதனையும் அவற்றோடு சேர்ந்தே வந்தன. ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கரின் விருப்பப்படி அந்தப் பிள்ளைக்குப் பெயரும் சூட்டினார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்று தமிழ் இலக்கிய வரலாற்றில் நாம் படிக்கும் பெயர்களின் முன்பாதி அப்படி வந்தது. அந்தப் பள்ளிகள் தமிழுக்குச் செய்த நன்மை பெரிது. கணிதமும் வானவியலும் இலக்கணமும் அங்கே ஆழமாகக் கற்பித்தார்கள். ஆனால் பசியோடும் படிப்பு ஆசையோடும் வந்த பத்து வயதுப் பிள்ளையின் ஜெபத்தை விருப்பத்தால் வந்த ஜெபம் என்று சொல்ல முடியாது.

கறோல் விசுவநாதபிள்ளை சி.வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராகத் தேறியவர். சைவத்தைக் கண்டித்து எழுதியவர் பின்னாளில் சைவத்துக்கே திரும்பினார். அதற்குக் கழுவாயாகச் சிதம்பரத்தில் பொன்னூசியைக் காய்ச்சி நாவில் சுட்டுக்கொண்டார் என்றொரு செய்தி வழங்குகிறது. இதைக் கேட்டால் பெண்ணாடத்துக்காரர்களுக்கு அப்பர் நினைவுக்கு வருவார். சமணத்திலிருந்து திரும்பிய அவர், சமணத் தொடர்புடைய இந்த உடலோடு வாழ மாட்டேன், சூலமும் இடபமும் பொறித்தருள வேண்டும் என்று வேண்டிப் பெற்றது பெண்ணாடத்துத் தூங்கானைமாடத்தில்தான் என்கிறது பெரியபுராணம். மனம் தானாகத் திரும்பினால் அதன் வேகம் இப்படி இருக்கும்.

யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான இன்னொருவர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். பாதிரிமாரின் பிரசங்கம், அச்சுக்கூடம், வினாவிடைப் புத்தகம் மூன்றையும் அருகிருந்து பார்த்தவர், அவற்றையே சைவத்துக்காகக் கையில் எடுத்தார். அவர்தான் ஆறுமுக நாவலர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதல் பிரசங்கம். 1848இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலை. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி. மெய்கண்டார் பிறந்த பெண்ணாடத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊரில், அவருடைய சிவஞானபோதம் வழிவந்த சமயத்தை ஒரு யாழ்ப்பாணத்தவர் பிள்ளைகளுக்குப் பாடமாக்கினார்.

நாவலரைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அவர் பள்ளியிலும் திருநீறும் சமய பாடமும் படிப்போடு சேர்ந்தவைதான். சாதி வரம்பையும் அவர் விடவில்லை. பெற்றோர் விரும்பிய சமயம் பள்ளிக்குள் வந்தது. பிள்ளையின் விருப்பத்தை இந்தப் பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு இத்தகைய கட்டாயத்துக்கு நம் நாட்டில் ஒரு வேலி போட்டது. அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் கல்வி நிறுவனம் எதுவும் ஒருவரைச் சமய பாடத்துக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். விடுதிப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஞாயிறு பூசைக்கும் தேவாரம் ஓதச் சொல்லும் காலை வகுப்புக்கும் இதே விதிதான்.

ஆனால் அந்த ஒப்புதல் பெற்றோருடையது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, விருப்பமில்லாமல் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பிரிவு உதவாது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், பதினாறு வயதைக் கடந்த மேல்வகுப்பு மாணவர்கள் பள்ளி வழிபாட்டிலிருந்து தாங்களே விலகிக்கொள்ள வழி செய்தது. 1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, சிந்தனை, மனச்சான்று, சமயச் சுதந்திரம் குழந்தைக்கும் உண்டு என்கிறது. வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது, அதையும் பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்றபடி செலுத்தச் சொல்கிறது. இந்தியா 1992இல் இதை ஏற்றுக்கொண்டது.

தேவாலயத்தில் பாட்டும் வாசிக்கும் பழக்கமும் பெற்று, அதை நன்றியோடு நினைப்பவர்கள் நிறைய. கையைப் பிடித்து அழைத்துப்போவது தவறில்லை. ஆனால் “நான் ஏன் வரணும்?” என்று பிள்ளை கேட்கும் நாளில், பெற்றோர்களே, அதட்டாமல் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். பள்ளியிலோ விடுதியிலோ சேர்க்கும்போது வழிபாட்டைப் பற்றிய ஒப்புதலைக் கேட்டால், கையெழுத்துப் போடுமுன் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.