ஓர் எழுத்தின் மரியாதை

சில மாதங்களுக்கு முன், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘எங்கள் வீட்டுக் காலைப்பொழுது’ என்ற பொருள் பற்றி ஒரு வியாசம் எழுதக் கொடுத்திருந்தோம். நோட்டுப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தோம். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே காலைப்பொழுதுதான். “அம்மா ஐந்து மணிக்கு எழுந்தாள், சமையல் செய்தாள், எங்களைக் குளிப்பாட்டினாள். அப்பா ஏழு மணிக்கு எழுந்தார், காபி சாப்பிட்டார், பத்திரிகை படித்தார்.” சந்திப் பிழைகளையெல்லாம் தேடித் தேடி வட்டமிட்டோம். மேற்படி வாக்கியங்களில் ஒரு பிழையும் நம் கண்ணுக்குப் படவில்லை.

மறுநாள் நோட்டை வாங்கிக்கொண்ட ஒரு சிறுமி தயங்கித் தயங்கி எழுந்து நின்றாள். “ஸார், முதலில் எழுந்தது அம்மாதானே? அப்பாவுக்கு மட்டும் ஏன் ‘ஆர்’ போடுகிறோம்?” என்று கேட்டாள்.

இருபது வருஷமாக இலக்கணம் போதித்து வரும் நமக்கு உடனே விடை வரவில்லை.

இலக்கணத்தின்மீது பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாமா என்று பார்த்தோம். அதற்கும் வழியில்லை. ஒருமையில் ஆண்பால், பெண்பால் என்று தமிழில் தனித்தனி விகுதிகள் உண்டு என்பது மெய்யே. ஆனால் பன்மையில் பலர்பால் ஒன்றுதான். அங்கே ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. ‘வந்தார்’ என்பது ஆதியில் பலர் வந்ததைக் குறித்த சொல். பிற்காலத்தில் ஒருவரையே உயர்த்திக் கூறவும் அது வழங்கலாயிற்று. ‘ஒருவர்’ என்ற சொல் இருபாலாருக்கும் பொதுவாக நின்று பலர்பால் வினையைக் கொள்ளும் என்று, 13-ம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் விதி வகுத்திருக்கிறார்.

இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது பிற பாஷைகளின் சங்கடத்தைப் பார்த்தால் விளங்கும். 2007-ல் பிரதிபா பாட்டீல் அம்மையார் ஜனாதிபதியானபோது, ‘ராஷ்டிரபதி’ என்ற சொல் ஒரு பெண்மணிக்குப் பொருந்துமா என்று வடக்கே விவாதம் கிளம்பிற்று. ஆங்கிலத்திலோ, ‘பாட்ஸ்மன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பாட்டர்’ என்று கிரிக்கெட் விதிகளில் எழுதுவதற்கு 2021-ம் வருஷம் வரவேண்டியிருந்தது. தமிழுக்கு இந்தக் கவலை இல்லை. தலைவர், ஆசிரியர், மருத்துவர், எழுத்தாளர் யாவும் இருபாலாருக்கும் பொதுவே. பொதுவான அந்தச் சொத்தை நாம்தான் ஒரு சாராருக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டோம். பெண் ஒருவர் கதை எழுதினால் ‘பெண் எழுத்தாளர்’ என்கிறோம். ‘ஆண் எழுத்தாளர்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘திரு’ என்ற அடைமொழியைக் கொண்டு ஓர் ஆடவருக்கு விவாகமாயிற்றா என்று அறிய முடியாது. ‘செல்வி’, ‘திருமதி’ என்பவையோ அதைத்தான் முதலில் அறிவிக்கின்றன.

“அம்மாவிடம் நமக்கு இருக்கும் நெருக்கத்தினால் அப்படிச் சொல்கிறோம். தெய்வத்தைக்கூட ‘நீ’ என்றுதானே அழைக்கிறோம்?” என்று சில நேயர்கள் ஆக்ஷேபிக்கக்கூடும். நியாயமான வாதம். தாயாரை ‘நீ’ என்று அழைப்பதிலுள்ள இனிமையை நாமும் அறிவோம். ஆனால் அன்புதான் காரணமென்றால், தகப்பனாரிடம் பிள்ளைகளுக்கு அன்பு குறைவா? கணவர் ‘நீ’ என்கிறார். மனைவி ‘நீங்கள்’ என்கிறார். நெருக்கம் இருவருக்கும் பொது அல்லவா? ஒருவருக்கு மட்டும் அது எப்படி மரியாதையாக மாறிற்று? இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூட்டை தூக்கும் ஏழை ஆடவனுக்கும் நாம் ‘ஆர்’ போடுவதில்லை. ஆகையால், பணத்தையும் அதிகாரத்தையும் பார்த்துத்தான் அந்த விகுதி பெரும்பாலும் நடமாடுகிறது என்பது வெளிச்சமாகிறது.

“சொல்லில் என்ன இருக்கிறது, ஐயா! நடத்தையல்லவா முக்கியம்?” என்றார் நம்முடன் வேலை பார்க்கும் கணித ஆசிரியர். சொல்லினால் விளைந்தவை இரண்டை அவருக்கு நினைவூட்டினோம்.

தெருவில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு ‘ஈவ் டீஸிங்’ என்று நெடுங்காலம் பெயர் வழங்கிற்று. ஏதோ மைத்துனர் கேலி செய்வதைப் போன்ற பெயர்! 1998-ல் சென்னையில் அத்தகைய தொந்தரவின் விளைவாக ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அதன்பின் சட்டம் வந்தது. சட்டத்துக்கும் அதே பெயர்தான் சூட்டப்பட்டது. 2002-ல்தான் அந்தப் பெயரை மாற்றி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். உயிரைக் குடித்த குற்றத்தை விளையாட்டாகக் காட்டியது ஒரு சொல்தானே?

மற்றொன்று: ஹிந்துக் குழந்தையின் இயற்கைப் பாதுகாவலர் ‘தகப்பனார், அவருக்குப் பிறகு தாயார்’ என்பது 1956-ம் வருஷச் சட்டத்தின் வாசகம். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தகப்பனார் கையொப்பம் வேண்டும் என்று ரிஸர்வ் பாங்கி கேட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. ‘பிறகு’ என்றால் தகப்பனார் காலமான பிறகு என்றுதான் பொருள்கொள்ள வேண்டும் என்பதில்லை. அவர் குழந்தையைக் கவனிக்காத நிலையிலும் அது பொருந்தும் என்று 1999-ல் தீர்ப்பாயிற்று. பெற்ற தாயார் கையெழுத்துப் போடுவதற்கு ஒரே ஒரு சொல் அத்தனை காலம் குறுக்கே நின்றது.

அதே சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் நீதிபதிகளுக்காகவும் வக்கீல்களுக்காகவும் ஒரு கையேடு வெளியிட்டது. ‘கற்புள்ள பெண்’, ‘உத்தியோகத்தில் நாட்டமுள்ள பெண்’ என்றெல்லாம் எழுத வேண்டாம். ‘பெண்’ என்று எழுதினாலே போதும் என்பது அதிலுள்ள யோசனைகளில் ஒன்று.

வழக்கொழிந்த ஒரு சொல்லும் இவ்விடத்தில் ஞாபகம் வருகிறது. மனைவியை இழந்தவருடைய நிலைக்குத் தொல்காப்பியத்திலேயே ‘தபுதார நிலை’ என்று பெயர் இருக்கிறது. இன்று ‘தபுதாரன்’ என்றால் எத்தனை பேருக்கு விளங்கும்? கணவரை இழந்தவரைக் குறிக்கும் சொல்லோ குழந்தைக்கும் தெரியும். ஆடவரின் அந்த நிலையைச் சுட்டிக்காட்டி அவரை விலக்கி வைக்கும் அவசியம் சமூகத்துக்கு நேரவில்லை, சொல்லும் மறைந்துபோயிற்று.

மறுவாரம் வகுப்பில், “அம்மா ஐந்து மணிக்கு எழுந்தார்” என்று கரும்பலகையில் எழுதினோம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். “யாரோ பெரிய மனுஷி எழுந்த மாதிரி இருக்கிறது, ஸார்!” என்றான் ஒரு பையன். “பெரிய மனுஷி இல்லையா?” என்று கேட்டோம். சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்று மாலை இந்த வெற்றியை வீட்டில் பெருமையுடன் சொன்னோம். நம் மனைவியார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஆர் போட்டது சந்தோஷந்தான். ஐந்து மணிக்கு எழுந்திருப்பது இனிமேலும் நான்தானே?” என்றார்.

இரண்டாவது தடவையாக நமக்கு விடை வரவில்லை. மறுநாள் முதல் காலைக் காபி நம் பொறுப்பாயிற்று. நேயர்களும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வியாச நோட்டை ஒரு தடவை எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.