தோள்வலியும் ஒலியலைப் பரிசோதனையும்

கரியமாணிக்கத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள நம் அங்கத்தினர்களுக்குக் கையே மூலதனம். கரும்புக் கட்டைத் தலைக்கு ஏற்றுபவரும், நாள் முழுதும் நாடாக் கயிற்றை இழுப்பவரும் தோள் நொந்தால் சுளுக்கென்று எண்ணி, எண்ணெய் தேய்த்து நாட்களைக் கடத்துகின்றனர். வலி பல வாரங்கள் நீடிக்குமாயின் காரணத்தை அறிவது அவசியம். அதற்குதவும் ஒலியலைப் பரிசோதனையை இங்கு விளக்குவோம்.

மேற்கை எலும்பின் தலைக்கும், அதன்மேல் கூரைபோல் கவிந்த தோள்முனை எலும்புக்கும் நடுவே குறுகிய இடைவெளி ஒன்றுண்டு. தசையை எலும்புடன் பிணைக்கும் தசைநாண் அதனூடே செல்கிறது. நாணின்மேல் மெல்லிய திரவப்பை அமைந்துள்ளது. கையை உயர்த்துகையில் இவை நெருக்குண்டு வலிப்பதை அமெரிக்க வைத்தியர் சார்லஸ் நீர் 1972இல் விரித்தெழுதினார். வயதினாலும் ஓயா உழைப்பினாலும் நாண் நலிவதும் இவ்வலிக்குக் காரணமென்று பின்னர் தெளிவாயிற்று.

‘ஸ்கேன்’ என்றதும் கர்ப்பிணிகளே நம் நினைவுக்கு வருகின்றனர். அதே முறையே தோளுக்கும் பயன்படுகிறது. வினாடிக்குச் சுமார் ஒரு கோடி முறை அதிரும், செவிக்கெட்டாத ஒலி உடலினுள் சென்று திரும்புகிறது. அந்த எதிரொலி திரையில் படமாகிறது. எக்ஸ்ரே கதிர் இதிலில்லை. எக்ஸ்ரே படம் எலும்பைத் தெளிவாகக் காட்டும். நாணின் கிழிசலைக் காட்டாது.

நல்ல நாண், நீட்டிய பாவின் இழைகளைப் போல் நெருங்கிய வரிகளாகத் தோன்றும். நலிந்த நாண் தடித்துக் கருமை படர்ந்திருக்கும். கிழிந்த நாணில் இடைவெளி தெரியும். ஒலி எலும்பை ஊடுருவாது. ஆதலின் கையைப் பின்னால் இடுப்பில் வைக்கச் சொல்லி, மறைந்த நாணை வெளிக்கொணர்ந்து பார்ப்பர். கையை உயர்த்தச் செய்து, நாணும் திரவப்பையும் எங்கே தடைப்படுகின்றன என்பதையும் நேரிலேயே காண்பர். இது இப்பரிசோதனையின் தனிச் சிறப்பு.

எனினும் படமே தீர்ப்பாகாது. வயது முதிர்ந்தோர் பலருக்கு வலியேயின்றி நாண் கிழிந்திருப்பதுண்டு. எனவே வைத்தியர் கையைச் சோதித்தறிந்ததோடு படத்தையும் ஒப்புநோக்க வேண்டும். கிழிசல் என்ற சொல்லைக் கேட்டவுடன் அறுவைக்கு அஞ்சவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். தோள்முனை எலும்பைச் சீவி இடைவெளியை அகலப்படுத்தும் அறுவை, சீவாமல் உட்கருவியால் பார்த்து மட்டும் முடித்ததைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை என 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. முறையான தேகப்பயிற்சியே பெரும்பாலோர்க்கு முதற் சிகிச்சையாகும்.

ஆனால் விழுந்தபின் கையைத் தூக்கவே இயலாமற்போனால் ஒரு நாளும் தாமதியாதீர். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவைப்படின் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்லுதல் நலம். காலத்தே கண்டறிந்த கிழிசலைச் சீர்செய்வது எளிது; நாள்பட்டால் நாண் சுருங்கி, தசையும் மெலிந்துவிடும்.