பாணர் வழி – 7: பர்மிங்காமில் கரிகாலன்

இலியட்டும் ஒடிசியும் மரபுத் தொடர்களால் நெய்யப்பட்டவை என்பதை அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1928இல் பாரிஸ் ஆய்வேடுகளில் காட்டினார். எழுத்தறியாத ஒருவர் அவ்வளவு நீண்ட காவியத்தைப் பாடிக்கொண்டே இயற்ற முடியுமா என்ற கேள்விக்கு நூலகத்தில் விடை இல்லை. அதைத் தேடி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் அலைந்தார். அங்கே அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் பாடிய கதைப்பாட்டு ஒன்று 12,000 அடிகளைத் தாண்டியது. ஏறக்குறைய ஒடிசியின் நீளம்.

கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனின் பயணம் வேறு திசையில் போனது. 1923இல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவுக்குப் போய், மீனவர்களிடம் ஐரிஷ் மொழி கற்றார். அவர்களது பேச்சைக் கேட்ட பிறகே ஹோமரின் நடை தமக்குப் புரிந்தது என்று கருதினார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இவரிடம்தான் யாழ்ப்பாணத் தமிழரான க. கைலாசபதி சங்கப் பாடல்களோடு வந்து சேர்ந்தார். இலங்கையின் ‘தினகரன்’ நாளிதழ் ஆசிரியராக இருந்தவர் அவர். 1966இல் முனைவர் பட்டம். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக நூல். தமிழ் வீரநிலைக் கவிதையைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் மரபுகளோடு வைத்துப் படித்த பெரும் முயற்சி அது.

இந்த ஒப்பீட்டின் வலிமையை அறியச் சோழநாட்டுப் பாட்டான பொருநராற்றுப்படை ஒன்றே போதும். முடத்தாமக்கண்ணியார் கரிகாலன்மேல் பாடியது, 248 அடி. பரிசு பெற்றுத் திரும்பும் பாடகனான பொருநன், வழியில் காணும் இன்னொரு பொருநனிடம் தன் கதையைச் சொல்கிறான். ஈரும் வேர்வையுமாய்க் கிடந்த கந்தலை நீக்கி மன்னன் நுண்ணிய ஆடை தந்தான். இரவும் பகலும் இறைச்சி தின்றதில் பொருநனின் பற்கள், கொல்லையை உழுத கொழுவைப் போல் மழுங்கின. விடைபெறும்போது மன்னன் ஏழடி பின்வந்து, நான்கு குதிரை பூட்டிய தேரில் ஏற்றி அனுப்பினான். பாட்டு முடிவது காவிரியில்: வேலிக்கு ஆயிரம் கலம் நெல் விளையும் நாடு. இருபது மா நிலத்தின் கணக்கு அது. டெல்டா விவசாயிக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒடிசியின் எட்டாம் பகுதியிலும் இதே அவை இருக்கிறது. பார்வையற்ற பாடகன் தெமோதொகஸுக்கு ஒடிசியஸ் தன் பங்கிலிருந்தே இறைச்சியை அறுத்து அனுப்புகிறான். பாடகனுக்குச் செய்யும் சிறப்பை அளந்து மன்னனின் தகுதியைச் சொல்லும் முறை இரண்டிலும் ஒன்று.

கைலாசபதி இதோடு நிற்கவில்லை. சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை வாய்பாடுகளாகக் கொண்டு, அவை வாய்மொழியாகவே இயற்றப்பட்டவை என்றார். அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975இல் இதை மறுத்தார்: பாணரின் பாட்டு வாய்மொழி, புலவர்கள் அந்த வார்ப்பை எடுத்து எழுதியவர்கள். குறுந்தொகையின் நான்கு முதல் எட்டடிப் பாடல்களுக்கு ஹார்ட்டின் விளக்கமே பொருந்துகிறது. அவ்வளவு செறிவான பாட்டில், பாடகன் அடுத்த அடியை யோசிக்க அவகாசம் தரும் ஆயத்தத் தொடருக்கு வேலை குறைவு. ஆற்றுப்படைகளில், குறிப்பாகப் பொருநராற்றுப்படையில், கைலாசபதியின் கை ஓங்குகிறது. பொருநருள் போர்க்களம் பாடுவோரோடு ஏர்க்களம் பாடுவோரும் உண்டு என்கிறது பழைய உரைமரபு. நெல் அடிக்கும் களத்தில் நின்று பாடியவர்களின் கலை அது.