சாப்பாட்டு மேஜையில் ஒரு தொழிற்சாலை

வீட்டுக்குள்ளேயே தொழிற்சாலை வைத்து நடத்தலாம் என்று யாராவது சொன்னால், மனிதருக்கு வெயில் கொஞ்சம் அதிகமாகப் பட்டுவிட்டது என்றுதான் நினைப்போம். ஆயினும் சென்ற மாதம் நமது சாப்பாட்டு மேஜையின் மீது அத்தகைய தொழிற்சாலை ஒன்று உண்மையாகவே நடந்தது. முதலாளி, பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் மருமான். கூலியாள் நாமேதான். உற்பத்தியான சரக்கு, ஒற்றைப் புளியங்கொட்டை வைத்த தீப்பெட்டித் தட்டு!

பெரிய தொழிற்சாலைகளில் ஓடும் வாரின் மீது பொருள்கள் வரிசையாக வர, ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு பாகம் பூட்டப்படுவதை நேயர்கள் படங்களிலாவது பார்த்திருப்பார்கள். எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்று அந்த யந்திரங்களுக்குக் கட்டளையிடுவது பி.எல்.ஸி. என்னும் சிறு பெட்டி. முன்பெல்லாம் இந்த வேலையை நூற்றுக்கணக்கான ரிலேக்கள் செய்து வந்தன. மோட்டார் வண்டியின் மாதிரியை மாற்றினால், அலமாரி அலமாரியாக ஒயர்களைப் பிரித்து மறுபடியும் கட்ட வேண்டும். இந்தத் தொல்லை பொறுக்காமல் 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மாற்று வழி தேடியது. டிக் மார்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மாடிகான் 084 என்ற கருவியைச் செய்தார்கள். அது அவர்களுடைய 84-வது வேலை. பெயர் வைக்க அதிகம் சிரமப்படவில்லை! ஒயரைத் தொட வேண்டாம், எழுதிய கட்டளையை மாற்றினால் போதும். மின்சாரத் தொழிலாளிகளுக்குப் பழக்கமான ரிலே வரைபடத்தைப் போலவே அந்த எழுத்தும் ஏணி வடிவில் அமைந்தது.

கல்லூரிகளுக்கென்று விற்கும் மாதிரி வரிசைகளின் விலை லட்சக் கணக்கில் போகும். ஆகவே பிள்ளைகள் பலர் எட்ட நின்று பார்க்கலாமே தவிர, தொட்டுக் கெடுத்துப் பார்க்க முடிவதில்லை. நம் மருமானுக்குக் கிடைத்தவை இரண்டு குழாய்த் துண்டுகள், பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி ஒட்டிய வார், பொம்மைக் காரின் மோட்டார், தட்டு வருவதை ஒளியால் அறியும் மலிவான உணர்கருவி ஒன்று. பி.எல்.ஸி.க்குப் பதிலாக ஆர்டுயினோ என்ற சிறு பலகை. அதில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் பி.எல்.ஸி. என்ற மென்பொருள்.

தட்டு வந்தால் வார் நிற்கவேண்டும், கொட்டை விழவேண்டும், வார் மறுபடி ஓடவேண்டும். இதுதான் உத்தரவு. முதல் தட்டு வந்தது, நின்றது, கொட்டை விழுந்தது. அப்புறம் தட்டு நகரவே இல்லை! இரண்டாவது கொட்டை, மூன்றாவது கொட்டை, மேஜையெல்லாம் கொட்டை. யந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது ஒரு நொடிக்குள் பல தடவை உள்ளே வரும் செய்திகளைப் படித்து, ஏணியின் படிகளை மேலிருந்து கீழே பார்த்து, கட்டளையிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பார்க்கும்போதெல்லாம் அதன் கண்ணெதிரே தட்டு இருந்தது. ஆகவே நிறுத்திக்கொண்டே இருந்தது. 'இருக்கிறது' என்பதற்கும் 'இப்போதுதான் வந்தது' என்பதற்கும் உள்ள பேதத்தைப் பையன் ஏணியில் எழுதிச் சேர்க்க இரண்டு இரவுகள் பிடித்தன.

பிறகு அவனுடைய தகப்பனார் பார்க்க வந்தார். அவர் வாலிபத்தில் ஒரு மில்லில் வலது கை விரல்கள் இரண்டை இழந்தவர். புளியங்கொட்டை வேடிக்கையில் அவர் மனம் செல்லவில்லை. சிவப்புப் பொத்தானைக் காட்டி, "இதை அழுத்தினால் நிற்குமா?" என்றார். அழுத்தினார்; நின்றது. "பொத்தானுக்குப் போகிற ஒயர் அறுந்திருந்தால்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அழுத்தினார். வார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பையன் முகம் வெளுத்துவிட்டது. அவன் அமைத்திருந்த பொத்தான், அழுத்தும்போது மட்டுமே மின்சாரத்தை விடுவது. நல்ல தொழிற்சாலையில் இதற்கு நேர்மாறாக, மின்சாரம் எப்போதும் பொத்தான் வழியே போய்க்கொண்டிருக்கும். அழுத்தினாலும் அறுந்தாலும் யந்திரம் நின்றுவிடும். அத்துடன், எழுதிய கட்டளையை நம்பியிராமல், பொத்தானே மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கும்படியும் செய்வார்கள். அன்றிரவே பையன் எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகக் கட்டினான்.

மறுநாள் தகப்பனார் அதே ஒயரைப் பிடுங்கினார். வார் நின்றது. மாட்டிவிட்டு மறுபடியும் பிடுங்கினார். மூன்றாம் தடவையும் நின்ற பிறகுதான், காப்பி ஆறிப்போய்விட்டதென்று நம் தமக்கை சொன்னது அவர் காதில் விழுந்தது.