பல கணினிகளுக்கு ஒரே சோதனை



நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே பழைய தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலனறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் கட்டளை அது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்துசேரும் பரதேசி வணிகர்களைப் பற்றியது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்துபோனால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு பண்டங்கள் ஏற்றிய கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. பங்கை நிர்ணயிப்பது கலத்தில் வந்த பொருளேயன்றிக் கலம் கட்டப்பட்ட நாடன்று. ஆனால் பங்கின் அளவு மட்டும் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டிருக்கின்றது.

கணினியைப் பற்றிப் பேச வந்தவன் கல்வெட்டைத் தொடுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். பல நாட்டுக் கலங்களுக்கும் ஒரே விதியை எழுதியவர்களுக்கு இருந்த சங்கடந்தான் இன்று கணினி மொழிகளின் தொகுப்பிகளைச் சோதிப்பவர்களுக்கும் இருக்கின்றது.

தொகுப்பி என்பது யாது? மனிதர் எழுதும் செய்நிரலைப் பொறி அறியும் கட்டளைகளாகப் பெயர்த்துத் தருவது, கம்பைலர் என்பர். பெயர்ப்பவர் தவறினால் மூலநூலாசிரியர் பழி சுமப்பதுபோல, தொகுப்பி தவறினால் செய்நிரலை எழுதியவர் தம்மிடம் இல்லாத பிழையைத் தேடி இரவெல்லாம் விழித்திருப்பார். ஆகவே தொகுப்பியை ஆக்குவோர் ஆயிரக்கணக்கான சிறு செய்நிரல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய விடையையும் உடன் வைத்திருப்பர். 1987இல் வெளிவந்த ஜிசிசி தொகுப்பிக்கும், 2000இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற எல்எல்விஎம் என்பதற்கும் இத்தகைய சோதனைகள் குவியல் குவியலாக உண்டு. தொகுப்பியில் ஒரு வரியை மாற்றினாலும் சோதனைகளை மறுபடியும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.

இனித்தான் சங்கடம். கணினிகள் எல்லாம் ஒரே பணிசெயல் முறைமையில் இயங்குவதில்லை. (நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்பதைத் தமிழ்நாட்டார் இயங்குதளம் என்கின்றனர். பெயரிலேயே இருவேறு வழக்கு!) ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ், ஒன்றில் மாக்ஓஎஸ். ஓரிடத்தில் தேறிய சோதனை மற்றோரிடத்தில் தேறாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் தீவகத்து மாணவர் சிலர் கணக்குக் கோவைகளைப் பெயர்த்து விடைகாணும் சிறு தொகுப்பி ஒன்றைப் பயிற்சிக்காகச் சி மொழியில் எழுதினர். சோதனைகள் 12. வீட்டுக் கணினியில், விண்டோஸில், அத்தனையும் தேறின. மறுநாள் அதே கோப்புகளை லினக்ஸ் இயங்கும் கணினியில் இட்டோம். பன்னிரண்டும் தோல்வி. “சேர், வீட்டில் சரியாகத்தானே வந்தது!” என்றான் நயினாதீவு மாணவன் ஒருவன். குறிகட்டுவானில் கடைசிப் படகைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரம் வேறு அவனுக்கு.

திரையில் இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேற்றுமையும் தெரியவில்லை. காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்திலே இருந்தது. பழைய தொலையச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு வேலைகள் நடக்கவேண்டும்: அச்சுத்தலை இடப்பக்கம் திரும்பவேண்டும், தாள் ஒரு வரி மேலேறவேண்டும். இரண்டுக்கும் இரண்டு குறிகள். விண்டோஸ் இன்றும் வரிமுடிவில் அவ்விரண்டையும் எழுதுகின்றது. லினக்ஸ் இரண்டாவதை மட்டும் எழுதுகின்றது. மாணவர் எதிர்பார்த்த விடைகளை விண்டோஸில் சேமித்தபடியால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பொழுது ஒவ்வொரு வரியும் பிழை எனத் தோன்றிற்று. ஒப்பிடுமுன் வரிமுடிவுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி செய்ததும் 11 சோதனைகள் தேறின.

பன்னிரண்டாவது தேறவில்லை. அதையும் “லினக்ஸின் குணம்” என்று தள்ளிவிட ஒருவர் முனைந்தார். நல்ல காலம், தள்ளவில்லை. 3000000000 என்ற எண்ணை ஒரு மாறியில் இட்டுத் திரும்ப அச்சிடும் சோதனை அது. லினக்ஸ் 3000000000 என்றே அச்சிட்டது. எதிர்பார்த்த விடைக் கோப்பைத் திறந்தால், அங்கே −1294967296 என்றிருந்தது! சி மொழியின் லாங் என்னும் எண்வகை 64 பிட் விண்டோஸில் 4 பைட்டு அகலமே உடையது. 64 பிட் லினக்ஸில் 8 பைட்டு. நாலு பைட்டுக்குள் அந்த எண் அடங்காது. விடையை மாணவர் தாமே கணித்து எழுதவில்லை. பொறி அச்சிட்டதை அப்படியே பிரதிபண்ணி, இதுவே சரியான விடை என்று வைத்துவிட்டனர். சோதனையே பிழையைக் காவல் காத்தது. 1999ஆம் ஆண்டுச் சி நியமத்தில் இதற்கு மருந்து உண்டு: 64 பிட் என்று அகலத்தைப் பெயரிலேயே கூறும் எண்வகை. அதைப் பயன்படுத்தியதும் இரு முறைமைகளிலும் ஒரே விடை வந்தது. மாணவனுக்குப் படகுந்தான் கிடைத்தது.

வேறு தடைகளும் உண்டு. கோப்புறைகளைப் பிரிக்க ஒன்று இடப்பக்கம் சாய்ந்த கோட்டை இடும், ஒன்று வலப்பக்கம் சாய்ந்ததை. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸில் வேறு வேறு கோப்புகள். விண்டோஸில் ஒரே கோப்பு. அந்தப் பேதம் இல்லாத தமிழுக்கு இந்த ஒரு தொல்லை இல்லை.

ஆனால் தமிழுக்கென்றே வாய்த்த தொல்லைகள் உள. அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். நம்மவர் தமிழிலேயே செய்நிரல் எழுத முற்பட்டுவிட்டனர். முத்து அண்ணாமலை ஆக்கிய எழில் என்னும் மொழியில், அச்சிடு என்பதற்குப் ‘பதிப்பி’ என்றே எழுதலாம். எழில், பைதான் என்னும் மொழியின்மேல் கட்டப்பெற்றது. இத்தகைய செய்நிரல் விண்டோஸ் திரையில் தமிழை அழகாகக் காட்டும். அதே விடையைச் சோதனைக்காகக் கோப்பு ஒன்றுக்குத் திருப்பிவிட்டால், பைதான் பல காலமாக அவ்விடத்தில் பழைய மேனாட்டு எழுத்துக் குறியீட்டையே கையாண்டு வந்தது. அதிலே தமிழெழுத்து இல்லாமையால் வேலை பிழைச் செய்தியோடு நின்றுவிடும். கண்ணால் பார்த்தால் சரி, சோதனையில் பிழை! சோதனை தொடங்குமுன்னரே யூடிஎஃப்-8 குறியீட்டைக் கட்டளையிட்டு நிறுத்துவதே வழி.

இதனினும் நுட்பமானது ஒன்று. ‘கோட்டை’ என்ற சொல்லை எடுங்கள்; நெடுந்தீவுக் கோட்டை என்றே வைத்துக்கொள்வோம். ‘கோ’ என்ற எழுத்தை யூனிக்கோடில் இரண்டு வகையாகக் குறிக்கலாம்: ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறிகளாக, அல்லது ககரம், ஏகாரக் குறி, கால் என மூன்றாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்-8இல் முன்னது 6 பைட்டு, பின்னது 9 பைட்டு. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, கோப்பின் பெயரை நாம் எப்படித் தந்தாலும் பிரித்த வடிவத்திலேயே பதிந்தது. ‘கோட்டை’ என்று பெயரிட்ட சோதனைக் கோப்பை லினக்ஸிலிருந்து கொண்டுபோய்ப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டால் பொருந்தாது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தையே வைத்துக்கொள்கின்றது. ஆயினும் ஒப்பிடுமுன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொணர்தலே பாதுகாப்பு. பிழை எத்தனையாவது இடத்தில் என்று தொகுப்பி சொல்லும்பொழுதும் இதே சிக்கல்: பைட்டை எண்ணுவதா, குறியை எண்ணுவதா, கண் காணும் எழுத்தை எண்ணுவதா? எதை எண்ணுவது என்று முதலில் தீர்மானித்துவிட்டே சோதனை எழுதவேண்டும்.

எல்எல்விஎம் குழுவினர் இவற்றுக்குக் கண்ட முறை கற்கத்தக்கது. அவர்கள் விடை முழுவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதில்லை. வரவேண்டிய முக்கிய வரிகளை மட்டும் சோதனைக் கோப்பிலேயே குறித்துவைப்பர். கோப்பின் முழுப் பாதை போன்று இடத்துக்கு இடம் மாறுவனவற்றை எழுதாமல், ஓட்டும்பொழுது நிரப்பப்படும் வெற்றிடமாக விட்டுவைப்பர். ஒரு முறைமைக்கே உரிய சோதனையானால், அதனை வேண்டுவது என்று தலைப்பிலேயே அறிவிப்பர். விண்டோஸில் லினக்ஸின் கட்டளைக்கூடு இராது என்பதால், சோதனைக் கருவியினுள்ளேயே சிறு கட்டளைக்கூடு ஒன்றையும் வைத்துள்ளனர்.

இவ்வாறு தளர்த்துவதற்கும் எல்லை உண்டு. பேராசிரியர் டொனால்ட் நூத் தமது டெக் என்னும் அச்சுக்கோப்புச் செய்நிரலுக்குச் சித்திரவதைச் சோதனை என்றே ஒன்றை 1984இல் வெளியிட்டார். எந்தப் பொறியில் டெக்கை நிறுவினாலும் இதில் தேறினால்தான் அது டெக் என்ற பெயருக்கு உரியது. விடை அவர் தந்த மாதிரியோடு ஒத்திருக்கவேண்டும். எவ்வெவற்றில் வேறுபடலாம் என்பதையும் அவரே குறித்தார்: நாளும் நேரமும், நினைவகப் பயன்பாட்டுக் கணக்கு, சில தசம எண்களில் இறுதி இலக்கத்தில் வரும் சிறு வித்தியாசம். இப்பட்டியல் மிகச் சிறியது என்பதே அதன் சிறப்பு.

தேறாத சோதனைக்குப் பக்கத்தில் “விண்டோஸில் தவிர்க்க” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவோர் பலர். எனக்கு இது ஒருபொழுதும் பிடிப்பதில்லை. தவிர்ப்பதாயின் காரணத்தையும் நாளையும் அருகில் எழுதுங்கள் என்று மாணவரிடம் சொல்வேன். அந்தப் பன்னிரண்டாவது சோதனையை அவர்கள் இன்னும் வைத்திருக்கின்றனர். −1294967296 என்ற பழைய விடையையும், அது பிழையான காரணத்தையும் மேலே ஒரு குறிப்பாக எழுதியிருக்கின்றனர்.